வேட்டையின் முதற்பாடம்

“துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய மான் ஹலாலா?”

அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் சமுதாயப் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி எழும் வினாக்களுள் இஃதொன்று. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற காடடர்ந்த மாநிலங்களில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் உடன் பணிபுரிவோரும் அண்டை வீட்டாரும் வில்லோடும் துப்பாக்கியோடும் காடு புகுகின்றனர். அவர்களோடு செல்லும் ஆசை நம் இளைஞர்க்கும் பிறக்கிறது. பிள்ளைகள் தாயகத்திலுள்ள தந்தையரைக் கேட்கின்றனர். தந்தையர் ஆலிம்களைக் கேட்கின்றனர். ஆலிம்களுள் ஒரு சாரார் தரும் விடையோ ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் ஹலால்!

அவ்விடை பொய் என்று நாம் கூறவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லி, முதலில் சொல்ல வேண்டியதை அறவே விட்டுவிட்ட விடை அது என்றே கூறுகிறோம். நீந்தத் தெரியாத ஒருவன், ‘இந்த ஆற்றில் இறங்கலாமா?’ என்று வினவுகிறான். ‘ஆற்று நீர் தூய்மையானது, அதில் உளூச் செய்யலாம்’ என்று ஒருவர் விடை பகர்கிறார். சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் கேட்டவன் கரை சேர்வானா?

மான் வேட்டையைப் புதிதாகக் கற்கப் புகும் இளைஞனுக்கு முதலில் சொல்ல வேண்டியது யாது? சுடுவது எப்படி என்பதன்று. சுடாதிருப்பது எப்படி என்பதே. இதனைக் காடும் சொல்கிறது. ஃபிக்ஹு நூல்களின் வேட்டைப் பாடமும் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க மறுப்பவரோடுதான் நமக்கு வழக்கு.

முதற்கண் மறுபக்கத்தாருக்கு ஒரு சொல். ‘மானைக் கொல்வதே கொடுமை, இதற்குப் பாடம் வேறா?’ என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்தம் இரக்கத்தை மதிக்கிறோம். எனினும் அந்நாட்டின் நிலையை அவர்கள் அறிதல் வேண்டும். அங்கே வாழும் வெண்வால் மான் ஒரு காலத்தில் அழிவின் விளிம்பைத் தொட்டது. விற்பனைக்காகக் கணக்கின்றிக் கொன்று குவித்ததன் விளைவாக, 1900-ஆம் ஆண்டை ஒட்டி அந்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 5 இலட்சம் மான்களே எஞ்சியிருந்தன என மதிப்பிடுவர். பென்சில்வேனியாவில் மான் அருகிப் போனமையால் 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களைக் கொணர்ந்து காட்டில் விட்டனர். 1900-இல் வந்த லேசி சட்டம், களவாக வேட்டையாடிய விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைத் தடுத்தது. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. அவ்வரி இன்று 11 விழுக்காடு. அங்ஙனம் பேணியதால் பெருகிய வெண்வால் மான்கள் இன்று 3 கோடியளவில் உள்ளன என்பர்.

மானைக் கொன்று தின்ற ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் மனிதன் முன்னரே ஒழித்துவிட்டான். தடுப்பாரின்றிப் பெருகிய மான், காட்டின் இளங்கன்றுகளை எல்லாம் கடித்துத் தீர்க்கிறது. புதுமரம் எழாத காடு மெல்ல மடிகிறது. ஆகவே அங்கே ஆண்டுதோறும் இத்தனை மான் என்று அளந்து, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று வரையறுத்து, உரிமம் பெற்றவரை வேட்டையாட விடுகின்றனர். அவ்வரம்புக்குள் நின்று, உண்பதற்காக ஒரு மானை வீழ்த்துபவனைக் கொடியவன் என்று நாம் சொல்ல மாட்டோம். திருமறை அனுமதித்ததை விலக்க நாம் யார்?

ஆனால் திருமறை எவ்வாறு அனுமதித்தது என்பதைப் பார்க்க வேண்டாவா? வேட்டையைப் பற்றி விரித்துரைப்பது அல்மாயிதா என்னும் ஐந்தாம் அத்தியாயம். அதன் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு நம்பிக்கை கொண்டோருக்குக் கட்டளையிட்டுத் தொடங்குகிறது. அதே வசனத்திலேதான், இஹ்ராம் நிலையில் வேட்டையை ஆகுமாக்கிக்கொள்ளலாகாது என்னும் தடையும் வருகிறது. உடன்படிக்கையும் வேட்டையும் ஒரே மூச்சில் பேசப்படுவதை எண்ணிப் பாருங்கள். உரிமச் சீட்டில் கையொப்பமிட்டவன், இத்தனை மானுக்கு மேல் கொல்ல மாட்டேன், இன்ன நேரத்துக்குப் பின் சுட மாட்டேன், பிறர் நிலத்துள் இசைவின்றிப் புக மாட்டேன் என்று உடன்படிக்கை செய்தவன் அல்லனோ? ‘காஃபிர் நாட்டுச் சட்டம்தானே’ என்று அதனை மீறிவிட்டு, வாயால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுபவன், அந்த வசனத்தின் தலையை விட்டு வாலைப் பிடித்தவன்.

அதே அத்தியாயத்தின் 94-ஆம் வசனம் இன்னும் கூர்மையானது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பான்; மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படுவதற்காக என்பது அதன் கருத்து. ஹுதைபிய்யாவின் ஆண்டில், இஹ்ராம் அணிந்திருந்த தோழர்களின் கூடாரங்களைச் சூழ வேட்டைப் பிராணிகள் மிகுதியாக வந்த நிலையைத் திருமறை உரையாளர்கள் இவ்வசனத்தோடு சேர்த்துக் கூறுவர். எட்டாத் தொலைவில் ஓடும் மானை விட்டுவிடுவதில் என்ன தக்வா இருக்கிறது? கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் மானை, காண்பார் எவருமில்லாத காட்டில், கூடாது என்பதற்காக விட்டுவிடுவதன்றோ தக்வா! வேட்டைக்காரனுக்கு அல்லாஹ் வைத்த தேர்வு, குறி தப்பாமல் சுடுவதிலன்று. சுட முடிந்தும் கையை மடக்குவதில்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

புதிதாகத் துப்பாக்கி ஏந்துபவன் முதலில் அறிய வேண்டியவை நான்கு. எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக. அதன் வாயை மனிதர் திசையில் திருப்பற்க. சுடும் முடிவுக்கு வரும் வரை விரலை விசையில் வையற்க. குறி இன்னதென்றும் குறிக்குப் பின்னே இருப்பது இன்னதென்றும் தெளிந்த பின்னரே சுடுக. நான்காவதை மீண்டும் படியுங்கள். புதர் அசைந்தது, பழுப்பு நிறம் தெரிந்தது, உடனே சுட்டேன் என்பவன் வேட்டைக்காரனல்லன். அப்புதருக்குள் நின்றது இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கலாம். காளான் பறிக்க வந்த மூதாட்டியாக இருக்கலாம். வேட்டைத் தோட்டா ஒரு மைலுக்கு அப்பாலும் உயிர் குடிக்க வல்லது. ஆகவேதான் மானுக்குப் பின்னே மேடோ மண் சரிவோ இருந்தாலொழியச் சுடாதே என்கின்றனர். மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் எத்துணை அழகாயிருப்பினும் அது சுடத்தகாத மான். பென்சில்வேனியாவில், துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில், தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு நிற ஆடை தெரிய வேண்டும் என்பது சட்டம். மானின் கண்ணுக்கு அந்நிறம் பளிச்சிடாது. மனிதனின் கண்ணுக்கே அது எச்சரிக்கை.

இதற்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்பீரோ? விரல்களுக்கிடையே சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிந்துகொண்டிருந்த ஒருவரை அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவ்விளையாட்டைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவரையும் தாக்காது, பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பது காரணம். கண்டித்த பின்னும் அம்மனிதர் கல்லெறியக் கண்ட அந்தத் தோழர், இனி உம்முடன் பேச மாட்டேன் என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கூழாங்கல்லுக்கே இத்துணைக் கண்டிப்பு என்றால், ஒரு மைல் பாயும் தோட்டாவைக் குறி தெளியாமல் விடுபவனுக்கு என்ன சொல்வது? அவன் விசையை அழுத்துமுன் பிஸ்மில்லாஹ் சொன்னானா என்று விசாரிப்பது எத்துணைப் பேதைமை!

இரண்டாவது பாடம், எந்நிலையில் நிற்கும் மானைச் சுடலாம் என்பது. மானின் நெஞ்சறையும் நுரையீரலும் அடங்கிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவே. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய உயரத்தில் அவ்விடம் உள்ளது. அங்கே பட்டால் மான் சில நொடிகளில் விழும். சற்றுப் பின்தள்ளிக் குடலில் பட்டாலோ, அது மணிக்கணக்காக வதைபட்டு எங்கோ ஒரு புதரில் யாரும் காணாமல் சாகும். ஆகவே ஓடும் மானைச் சுடற்க. நேர் எதிரே முகங்காட்டி நிற்பதையும் பின்புறம் காட்டி நிற்பதையும் சுடற்க. கிளைகளின் இடுக்கில் பாதி தெரிவதைச் சுடற்க. கை நடுங்கும் தொலைவில் நிற்பதைச் சுடற்க. காகிதக் குறியில் பத்துக்குப் பத்தும் விழும் தொலைவு எதுவோ அதுவே காட்டில் உன் எல்லை.

எதனைச் செய்யினும் செம்மையாகச் செய்தலை அல்லாஹ் விதியாக்கியுள்ளான். கொல்ல நேரினும் செம்மையாகக் கொல்க. அறுப்பவர் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் துன்பத்தைத் தணிக்க என்னும் கருத்துடைய நபிமொழியை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பெருநாளில் ஆடு அறுக்கும்போது நாம் இந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். காட்டுக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்கிறோமா? கத்தியைத் தீட்டுக என்பதன் பொருள் அங்கே துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்தலும் பல வாரம் பயிலுதலும் ஆகும். உயிருள்ளதைக் குறிப்பலகையாக்கிப் பயில்வதோ கூடவே கூடாது. ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்துகொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டபோது, அவ்வாறு செய்பவரைப் பெருமானார் சபித்த செய்தியை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார்கள். ‘துப்பாக்கி நன்றாக இருக்கிறதா பார்ப்போம்’ என்று அணிலையும் காக்கையையும் சுட்டுப் பார்ப்போர் இதனைக் கேட்கட்டும்.

மூன்றாவது பாடம், சுட்ட பிறகு என்பது. வேட்டைக்காரனின் பொறுப்பு தோட்டா புறப்பட்டதும் முடிவதில்லை; அப்போதுதான் தொடங்குகிறது. வள்ளல் ஹாத்திம் தாயின் மைந்தரான அதிய்யு (ரலி) அவர்கள் வேட்டை பற்றிப் பெருமானாரிடம் அடுக்கடுக்காகக் கேட்ட வினாக்கள் நமக்குப் பெருஞ்செல்வம். பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் சொல்லி ஏவலாம். ஆனால் பிடித்ததை அது தின்றிருந்தால் உண்ணற்க. வேறொரு நாயும் சேர்ந்திருந்தால் உண்ணற்க. எறிகோலின் முனை துளைத்தால் உண்க; அகலப் பகுதி மோதிக் கொன்றால் உண்ணற்க. ஓரிரு நாள் கழித்துக் கண்டெடுத்தாலும் உன் அம்பின் தடம் மட்டுமே இருந்தால் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணற்க. கொன்றது அம்போ நீரோ நீ அறியாய். இக்கருத்துகளைக் கூர்ந்து நோக்குங்கள். ‘உண்க’ என்பதைவிட ‘உண்ணற்க’ என்பதே மிகுதி. ஐயம் எழுந்த இடமெல்லாம் கை எடுக்கச் சொல்லும் பாடம் இது.

நம் ஒற்றை வரி விடைக்காரர்கள் மறந்த இன்னொன்றும் உண்டு. குறைந்தது அரைமணி நேரம் அசையாது காத்திருந்து, பின்னரே குருதிச் சுவட்டைப் பின்பற்று என்பது அந்நாட்டு வேட்டை ஆசிரியர் சொல்லும் விதி. உடனே துரத்தினால் அடிபட்ட மான் அஞ்சி வெகுதொலைவு ஓடிவிடும். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரலில் பட்டதற்கு அடையாளம். கருஞ்சிவப்பு ஈரலில் பட்டதற்கு. பச்சை கலந்து நாற்றம் வீசினால் குடலில் பட்டதற்கு. குடலில் பட்டதாயின் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்வர். ஹனஃபி நூல்களோ, அடிபட்டு மறைந்த வேட்டையைத் தேடுவதைக் கைவிட்டு உட்கார்ந்துவிட்டவன் பின்னர் அதை இறந்த நிலையில் கண்டால் உண்ணலாகாது என்கின்றன. ஷாஃபிஈ நூல்களும் தாமதியாது தேடிச் சென்று, உயிரோடு கண்டால் அறுப்பதை வலியுறுத்துகின்றன. அசைய இயலாது கிடக்கும் மானைத் தொலைவிலிருந்தே இன்னொரு தோட்டாவால் முடித்துவிடுவது, அறுக்க வாய்ப்பிருக்கும்போது அறுப்புக்கு ஈடாகாது.

இப்போது அந்த இளைஞன் என்ன செய்வான்? காத்திருத்தல் தேடலின் ஒரு பகுதியா, தேடலைக் கைவிடலா என்று காட்டின் நடுவில் நின்று ஃபத்வா கேட்பானா? முன்னரே தம் மத்ஹபின் ஆலிமை அணுகித் தெளிதல் அவன் கடன். அதனினும் சிறந்த வழி, அச்சிக்கலே எழாதவாறு சுடுவது: அருகில், அசையாது, பக்கவாட்டில் நிற்கும் மானை மட்டும் சுடுவது. அத்தகைய மான் கண்ணெதிரிலேயே விழும். கத்தியோடு விரைந்து செல்லலாம். செல்லும்போதும் கொம்பின் பக்கம் போகாது முதுகுப்புறமாக அணுகி, உயிர் உண்டா என்று கண்ணை நோக்கி அறிக. இவ்வாறு காட்டின் ஆசிரியனும் ஃபிக்ஹின் ஆசிரியரும் வெவ்வேறு வழியே வந்து ஒரே இடத்தில் நிற்பதைக் காண்கிறோம்: உறுதியில்லையேல் சுடாதே.

துப்பாக்கித் தோட்டா பற்றியும் பிஸ்மில்லாஹ் பற்றியும் உள்ள கருத்து வேறுபாடுகளை நாம் மறைக்க விரும்பவில்லை. தோட்டா கூரிய விளிம்பால் அறுப்பதன்று, விசையாலும் வெப்பத்தாலும் கொல்வது என்று கண்டு, அறுக்காத வரை கூடாது என்றார் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன். உடலைத் துளைத்துச் செல்வதால் கூடும் என்றார் அவர் காலத்தவரான யமன் நாட்டு ஷவ்கானீ. மாலிக்கீ நூல்களிலும் கூடும் என்னும் கருத்து உண்டு. இக்கால அறிஞர் பலர் அதையே ஏற்கின்றனர். பிஸ்மில்லாஹ்வை வேண்டுமென்றே விட்டால் ஹனஃபிகளிடம் உண்ணலாகாது. ஷாஃபிஈகளிடம் அது சுன்னத். நம் நாட்டில் இரு மத்ஹபினரும் வாழ்வதால் அவரவர் வழி நிற்க. ஆனால் ஒற்றை வரி விடையின் அடியில் எத்தனை வரிகள் புதைந்து கிடக்கின்றன என்பதையாவது இது காட்டவில்லையா?

நான்காவது பாடம், கொன்றது எதற்கு என்பது. வீணே கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்னும் கருத்துள்ள செய்தி நஸாயீயில் இடம்பெறுகிறது. தலையை மட்டும் கொய்து சுவரில் மாட்டிக்கொண்டு உடலைக் காட்டில் விட்டுவருபவன் அம்முறையீட்டுக்கு என்ன விடை சொல்வான்? வீழ்த்தியவுடன் குடலை அகற்றி உடலைக் குளிரச் செய்தல் வேண்டும்; இல்லையேல் இறைச்சி கெடும். 1967-இல் கொலராடோவில் முதலில் அறியப்பட்ட, மானை மெலிவித்துக் கொல்லும் மூளைநோய் ஒன்று இன்று பல மாநிலங்களில் பரவியுள்ளது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதிப்படவில்லை. எனினும் நோயுள்ள பகுதியில் வீழ்த்திய மானைச் சோதிக்கக் கொடுத்து, நோய் காணப்பட்டால் உண்ணாதொழிக என்று அந்நாட்டு நலவாழ்வுத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். மூளையும் தண்டுவடமும் கண்ணும் எந்நிலையிலும் தவிர்க்கத்தக்கவை. ஈயத் தோட்டா உடைந்து துகள்களாக இறைச்சியில் பரவுவதால், குழந்தைகள் உண்ணும் வீட்டில் செம்புத் தோட்டாவே ஏற்றது. ஹலாலான உணவு தூயதாகவும் இருக்க வேண்டும் என்பது மறையின் சொல்லன்றோ! எஞ்சியதை அண்டை வீட்டாரோடு பகிர்க. அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாரே.

‘முஸ்லிம் மன்னர்கள் ஆடாத வேட்டையா?’ என்று மார்தட்டுவோர்க்கும் விடை சொல்லியாக வேண்டும். ஆம், ஆடினார்கள். ஜஹாங்கீர் தம் நினைவேட்டில், ஐம்பது வயதுக்குள் தாமே வீழ்த்திய உயிர்கள் 17,167 என்று கணக்கு வைத்தார். அதே ஜஹாங்கீர் தாம் வளர்த்த மான் ஒன்று இறந்தபோது ஆற்றாது அதன் நினைவாக ஷேக்குபுராவில் ஹிரன் மினாரை எழுப்பினார். ஒரு மானுக்குக் கோபுரம். ஆயிரக்கணக்கானவற்றுக்கு எண்ணிக்கை மட்டும்! அரசர் செய்தது மார்க்கத்துக்குச் சான்றாகாது. வேட்டையின் பின்னே செல்பவன் பராமுகமாகிவிடுவான் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உண்டு. அமெரிக்கக் காட்டிலோ வேட்டைக்கு அனுமதித்த நேரம் பொதுவாகக் கதிரவன் எழுவதற்கு அரைமணி முன் தொடங்குகிறது. அதற்கும் முன்னரே இருளில் சென்று மரப்பரணில் ஏறி அமர்வர். ஃபஜ்ரின் நேரமும் அதுவே. தொழுகையைப் பரணுக்குக் காவு கொடுத்துவிட்டு, மானுக்கு மட்டும் பிஸ்மில்லாஹ் சொல்பவனை எவ்வாறு அழைப்பது? தரையிலேயே தொழுதுவிட்டு ஏறுக. ஏறும்போது உடலைக் கயிற்றுப் பட்டையால் மரத்தோடு பிணைத்துக்கொள்க. பரணிலிருந்து விழுந்து ஊனமுறுவோர் அங்கே பலர்.

இத்துணையும் படித்துவிட்டு, நம் மலைகளில் இதைச் செய்து பார்ப்போம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. உரிமம் பெற்று வேட்டையாட அதில் எஞ்சியிருந்த வாயிலையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. புள்ளிமானும் கடமானும் கேளையாடும் இன்று எவனுக்கும் வேட்டையல்ல. ‘அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசு எப்படித் தடுக்கலாம்?’ என்று சிலர் கேட்கின்றனர். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: மக்காவின் ஹரமில் வேட்டைப் பிராணியை விரட்டுதல் கூடாதென்று தடுத்தது யார்? மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கிடையே வேட்டையைத் தடுத்தது யார்? மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டவும் மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளதே! அந்த ஹரம்களின் புனிதத்தோடு வேறெந்தக் காட்டையும் நாம் ஒப்பிடவில்லை. ஆனால் ஒரு நிலத்தை வேலியிட்டு, இங்கே மான் அஞ்சாது மேயட்டும் என்று விடுவது நம் மார்க்கத்துக்கு அயலான கருத்தன்று என்பதை இது காட்டுகிறது. நாகூரிலிருந்து தெற்கே கடற்கரையோடு சென்றால் வருவது கோடியக்கரை. 1967 முதல் அங்குள்ள வெளிமான்களுக்கு அக்காடு சரணாலயம். அங்கே மேயும் மானை வெருட்டாதிருப்பதும் ஒரு சுன்னத்தின் வாடையை முகர்வதே.

விருந்தில் மறைவாக மான்கறி பரிமாறிப் பெருமை கொள்ளும் வீடுகள் இன்றும் ஆங்காங்கே உண்டு. களவில் வந்த இறைச்சிக்கு அறுப்பின்போது சொன்ன பிஸ்மில்லாஹ் காவலாகாது. அவ்விருந்தை உண்ணாமல் எழுந்து வருவதே விருந்தினனின் கடமை.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படித்து உருகாதவர் நம்மில் யார்? வேடன் கையில் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. அது திரும்பி வரும் வரை பெருமானாரே பிணை நிற்கின்றார்கள். மானும் சொன்ன சொல் தவறாது குட்டியோடு திரும்பி வருகிறது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடர் வலிவற்றது என்று ஹதீஸ் கலை வல்லார் கூறுவர். அதனை நாம் சட்டத்துக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. ஆயினும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட அப்படலம் நம் நெஞ்சில் ஒன்றைப் பதித்துள்ளது. பிணை என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் பெண்மான் என்பதும் பொருள். பொறுப்பேற்றல் என்பதும் பொருள். துப்பாக்கி ஏந்திக் காடு புகுபவன் தான் காணும் ஒவ்வொரு மானுக்கும் பிணையாளி. அது வதைபடாமல் சாவதற்கும், செத்தது வீண்போகாமைக்கும், அதன் இனம் அழியாமைக்கும் அவனே பொறுப்பு.

ஆகவே பெற்றோர்களே, ‘சுட்ட மான் ஹலாலா?’ என்று உங்கள் மகன் தொலைபேசியில் கேட்டால், உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடாதீர்கள். ‘வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டாயா? உரிமம் பெற்றாயா? உன் எல்லைத் தொலைவு எவ்வளவு? கத்தி கையில் உண்டா? ஃபஜ்ரை எங்கே தொழுவாய்?’ என்று கேளுங்கள். இறுதியாக, ‘எத்தனை மானைச் சுடாமல் விட்டாய்?’ என்றும் கேளுங்கள். அதற்கு அவனால் விடை சொல்ல முடியுமானால், அவன் வேட்டையின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டான். பிஸ்மில்லாஹ் சொல்ல அவன் நாவுக்குத் தகுதி வந்துவிட்டது.

மறைவிலும் தன்னை அஞ்சும் நல்லோர் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் சேர்ப்பானாக! ஆமீன்.